மீராசா வான் ஓட்டிய உதைபந்துப் பருவம்

மீராசா பயந்த மனிசன் என்பது கல்முனைக்குடியில் எல்லோருக்கும் தெரியும். அவரும் அதை ஒளித்ததில்லை. வயது முப்பத்தாறு. சொந்தமாக ஒரு பழைய ஹய் ஏஸ் வான் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றுவார், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோவார், வெள்ளாமை வெட்டும் காலத்தில் வயலுக்குச் சோற்றுப் பெட்டி கொண்டுபோவார். வானை எடுக்குமுன் நான்கு ரயரையும் காலால் தட்டிப் பார்ப்பார். பிரேக்கை மூன்று தரம் மிதிப்பார். பிஸ்மி சொன்ன பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நிமிசம் சும்மா இருப்பார். ஏறியிருப்பவர்கள் அவசரப்பட்டால், "இருங்க, மனசு இன்னும் வான்ல ஏறல்ல" என்பார்.

எண்பத்தைந்தாம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பயம் வேறு மாதிரி ஆயிற்று. அந்த வருசம் ஒருநாள் அரச படையின் சோதனைச் சாவடி ஒன்றில், நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டி நாலு முழம் தள்ளி வானை நிறுத்திவிட்டார். அதற்காக உச்சி வெயிலில் தார் ரோட்டில் முழங்காலில் இருக்கவைத்தார்கள். எங்கேயோ பின்னேரத்து அசர் பாங்கு சொல்லிக் கேட்ட பிறகுதான் எழும்பச் சொன்னார்கள். முழங்காலில் புதுத் தோல் வளர இரண்டு கிழமை எடுத்தது. அதன் பிறகு மீராசா சாய்ந்தமருதுக்குத் தெற்கே ஆள் ஏற்றி ஒரு ஹயரும் பிடிப்பதில்லை. ஆர் வந்து கேட்டாலும், "வான்ல கியர் பொக்ஸ் சரியில்ல" என்று ஒரே பொய்யைச் சொல்லுவார்.

எண்பத்தாறாம் ஆண்டு ஊர்க் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் மர்சூக் சேர் அவருடைய வாசலில் வந்து நின்றார்.

"மீராசா, நம்மட கல்லூரி உதைபந்து ரீம் இந்த முறை நல்ல ரீம். மெச்சுகளுக்குக் கொண்டுபோக வான் இல்ல. மத்த வான்காரர் மூணு பேரும் ஏலாது எண்டுட்டாங்க."

மீராசா கியர் பொக்ஸைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். சேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்ததில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"பொடியன்கள் காலமெ, பின்னேரம் எண்டு பாக்காம விளையாடிப் பழகியிரிக்காங்க. வான் இல்லாட்டி போட்டியில இருந்து பெயரை வெட்டிருவாங்க."

"ஓம் சேர்" என்றார் மீராசா.

சேர் போன பிறகு மனைவி றாஹிலா வெளியே வந்தாள். "ஏன் ஓம் எண்டீங்க?"

"இல்லை எண்டு சொல்ல வாய் வரல்ல."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டும் பயம், இல்லை எண்டு சொல்லவும் பயம். என்ன மனிசன் நீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் அவள் பயந்தால் கோபமாகத்தான் கதைப்பாள்.

அந்த வருசம் மெச்சுகளையெல்லாம் காலையிலேயே வைத்தார்கள். பின்னேரத்தில் ரோட்டில் நிற்க ஆருக்கும் மனமில்லை. முதல் மெச் சாய்ந்தமருதுக்குத் தெற்கே நிந்தவூரில். மர்சூக் சேர் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் முன்னுக்குப் போவார். வழியில் ஏதும் வில்லங்கம் என்றால் திரும்பி வந்து சொல்லுவார். வான் கால் மைல் பின்னால் போகும். வானுக்குள் பதின்மூன்று பொடியன்கள் பச்சை ஜேர்சியோடு நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். கப்டன் அப்துல் ஸமட் முன் சீட்டில் இருந்தான். பொடியன்கள் மீராசாவை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நெடிய, கைகால் நீண்ட பொடியன் ஒருவன் கடைசி சீட்டில் பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவன்தான் கோல் கீப்பர் குணம். நற்பிட்டிமுனைப் பொடியன். அவனுடைய ஊரில் விஞ்ஞானப் பிரிவு இல்லாதபடியால் இந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்தவன். ரீமில் அவன் ஒருவன்தான் தமிழ்ப் பொடியன், மற்றவர்கள் எல்லாம் முஸ்லிம்.

சாய்ந்தமருது தாண்டும்வரை வானுக்குள் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. தமிழ் ஊரான காரைதீவு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. போன வருசத்துத் தமிழ், முஸ்லிம் கலவரத்தில் எரிந்த வீடுகளின் சுவர் இன்னும் கறுப்பாக நின்றது. பொடியன்கள் ரோட்டைப் பார்க்காமல் தங்கள் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். காரைதீவைத் தாண்டி முஸ்லிம் ஊரான நிந்தவூருக்குள் நுழைந்ததும் மூச்சு விட்டார்கள், திரும்பவும் கதைத்தார்கள். அப்போது மீராசா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். குணம் தலையைக் குனிந்து பந்துப் பைக்குமேல் நாடியை வைத்துக்கொண்டு இருந்தான். இங்கே பயப்படுவது அவனுடைய முறை.

மீராசாவுக்கு இரண்டு இடத்திலும் பயம். வானுக்குள் இருக்கும் எல்லாருடைய பயமும் தன்னுடைய கைக்குத்தான் வந்து சேருகிறது என்று அவருக்குப் பட்டது. ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது.

நிந்தவூரில் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். மீராசா மெச் பார்க்கவில்லை. வானைத் திருப்பி, மூக்கை வீட்டுப் பக்கம் வைத்து, கதவைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்தார். அடுத்த மெச் சொந்த மைதானத்தில், அதற்கு வான் தேவைப்படவில்லை. சம்மாந்துறையில் ஒன்றுக்கு ஒன்று. நான்காவது மெச்சுக்கு எதிர் ரீம் வரவேயில்லை. அன்றைக்குக் கடையெல்லாம் பூட்டு, பஸ்ஸும் ஓடவில்லை. நடுவர் விசில் ஊதிவிட்டு இவர்கள் வென்றதாக எழுதினார். பொடியன்கள் வெறும் மைதானத்தில் தங்களுக்குள்ளேயே விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்படியே அரையிறுதி வந்தது. இன்னும் தெற்கே, அக்கரைப்பற்றில்.

முதல் நாள் மீராசா சாப்பிடவில்லை. றாஹிலா பிளேன்ரீ வைத்துக் கொடுத்து, "காச்சல் எண்டு சொல்லிருங்களன்" என்றாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தார். காலமே சுபஹ் தொழுதுவிட்டு வழமைபோல ரயரைத் தட்டினார், பிரேக்கை மிதித்தார், போனார்.

அந்த மெச்சை மட்டும் அவர் கொஞ்சம் பார்த்தார். கடைசிப் பத்து நிமிசம் சனம் கத்திய கத்தில் பயந்து, என்ன கலாட்டாவோ என்று இறங்கி வந்து பார்த்தபோது, குணம் காற்றில் படுத்த மாதிரி ஒரு பக்கமாகப் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டதைக் கண்டார். ஒன்றுக்குப் பூச்சியம். கல்லூரி இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. பொடியன்கள் குணத்தைத் தூக்கிக்கொண்டு வானுக்கு வந்தார்கள்.

பொடியன்களை ஏற்றி வான் புறப்படப் பிந்தியதால் மர்சூக் சேர் கனதூரம் முன்னுக்குப் போய்விட்டார். வழியில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவர் போய்ப் பத்து நிமிசத்துக்குள், ஒலுவில் கழிந்து இரண்டு பக்கமும் வயலாக வரும் இடத்தில், புதிதாக ஒரு சாவடி போட்டுவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே இரண்டு தார்ப் பீப்பாய், ஒரு மரக் குற்றி. ஓரமாக ஒரு ஜீப். சீருடைக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர்.

மீராசா நிற்கச் சொன்ன இடத்தில் சரியாக நிறுத்தினார். ஒரு முழம்கூடத் தள்ளவில்லை. பழைய இடத்தில் முழங்கால் இரண்டும் எரிந்தன.

எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டைகளை வாங்கி அதிகாரி ஒருவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். நடுத்தர வயது, சவரம் செய்யாத முகம், நித்திரையில்லாத கண். குணத்தின் அட்டை வந்ததும் வாசிப்பதை நிறுத்தினார்.

"இவன் உங்களோட என்ன செய்யிறான்?" என்று சிங்களத்தில் கேட்டார். மீராசாவுக்குச் சிங்களம் தெரியும். இளம் வயதில் அம்பாறைப் பக்கம் நெல் லொறியில் கிளீனராக இருந்தவர். தெரிந்த சொல்லெல்லாம் அப்போது மறந்துபோயிற்று.

பொடியன்களை வரிசையாக ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அப்போதுதான் மீராசா ஜீப்புக்குள் இருந்தவனைக் கண்டார். தலையில் சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி. அவன் ஆரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவனை இயக்கக்காரன் என்று கொண்டுபோய்விடுவார்கள். அவன் ஆர், எந்த ஊர், என்ன அடி பட்டு அங்கே வந்து இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. கொண்டுபோன பலர் திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஸமட் நடந்தான். சாக்கு அசையவில்லை. இன்னும் ஐந்து பேர் நடந்தார்கள். அசையவில்லை. குணம் முன்னால் வந்தபோது சாக்குத் தலை கீழே சரிந்தது.

ஆட்டினானா, வெக்கையில் தலை சாய்ந்ததா? மீராசாவுக்குக் கடைசிவரை அது விளங்கவில்லை. குணத்தை இழுத்து ஜீப்பின் பின்பக்கம் இருத்தினார்கள். அதிகாரி மற்ற அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீராசாவைப் பார்த்துக் கையை வீசினார். போ என்று அர்த்தம்.

பொடியன்கள் ஏறினார்கள். ஒருவன் வாய்க்குள் கலிமா ஓதினான். ஸமட், "காக்கா, குணம்" என்று மட்டும் சொன்னான். மீராசா சீட்டில் இருந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. கிளச்சை மிதிக்கக் காலைத் தூக்கினார். கால் அவருடைய சொல் கேட்கவில்லை. தொடையிலிருந்து பாதம்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் தரமும் முயன்று பார்த்தார். ஏலவில்லை. போக வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்டு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். அதைப் பிறகு அவர் றாஹிலாவிடம் மறைக்காமல் சொன்னார்.

வான் நகராததைக் கண்டு அதிகாரி வந்து கதவில் தட்டினார். "ஏன் போகல்ல?"

கால் நடுங்குது என்று சொல்ல மீராசாவுக்குப் பயமாக இருந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும். வாயில் சிங்களத்தில் வந்தது இதுதான்:

"மாத்தயா, அவன் எங்கட கோல் கீப்பர். அவன் இல்லாம போக ஏலாது."

சொல்லிவிட்டு, அதைச் சொன்னது ஆர் என்று அவரே திடுக்கிட்டார். அதிகாரி அவருடைய முகத்தையே கனநேரம் பார்த்தார்.

"கீப்பரா?" என்றார். "சரி. பாப்பம்."

பந்துப் பையை எடுக்கச் சொன்னார். ரோட்டில் இருந்த இரண்டு தார்ப் பீப்பாய்களையும் உருட்டிப்போய், வயல் ஓரத்துக் காய்ந்த தரையில் கோல் அகலத்துக்கு வைத்தார்கள். குணத்தைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினார்கள். மீராசாவையும் இறங்கி நிற்கச் சொன்னார்கள். அவர் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஒரு இளம் சீருடைக்காரன் துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டு வந்து உதைத்தான். சப்பாத்தின் நுனியில் பட்டுப் பந்து பலமாகப் போனது. குணம் நின்ற இடத்திலேயே நெஞ்சில் வாங்கிக் கட்டிப் பிடித்தான். இரண்டாமவன் உதைத்த பந்து இடப்பக்கம் தாழ்வாகப் போனது. குணம் விழுந்து தட்டினான். எழும்பியபோது முழங்கையில் இரத்தமும் மண்ணும்.

சீருடைக்காரர்களில் ஒருவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. அவரே பந்தைக் கையால் எடுத்துவந்து தரையில் வைத்தார். பின்னால் ஐந்தாறு அடி நடந்தார். இடுப்பில் ரிவோல்வர்.

மீராசா யோசித்துப் பார்த்தார். இந்தப் பந்தை இவன் பிடித்தால் இத்தனை பேருக்கு முன்னால் பெரியவருக்கு வெட்கம். வெட்கப்பட்டவர் என்ன செய்வார்? பிடிக்காமல் விட்டால், நீ கீப்பர் இல்லை, பொய் சொன்னாய் என்று சொல்லி ஜீப்பில் ஏற்றலாம். எதற்கென்று துஆக் கேட்பது? யா அல்லாஹ், விடச் சொல்லு என்று கேட்டார். அந்த மூச்சிலேயே, பிடிக்கச் சொல்லு என்று கேட்டார். அந்தப் பொடியனுக்கும் இதே யோசினைதான் ஓடுகிறது என்று அவனுடைய கண்ணில் தெரிந்தது. பதினெட்டு வயது. உதடு வெளிறிக் கிடந்தது.

அதிகாரி ஓடிவந்து உதைத்தார். அவர் உதைக்கத் தெரிந்தவர். பந்து வலப்பக்கப் பீப்பாயின் ஓரமாக, தலை உயரத்துக்கு எழும்பிப் போனது. குணம் பாய்ந்தான். விரல் நுனியில் பட்டுப் பந்து பீப்பாயில் மோதி வயலுக்குள் விழுந்தது.

வயலுக்குள் நின்ற கொக்கு ஒன்று எழும்பிப் போனது. அதிகாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குப்புற விழுந்து கிடந்த குணத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அவனுடைய அட்டையை எடுத்து மீராசாவின் கையில் வைத்தார்.

"கூட்டிக்கொண்டு போ. இன்னொருக்கா இவனை இந்த ரோட்டில கண்டா, எனக்கு உன்னையும் தெரியாது, இவனையும் தெரியாது."

இந்தத் தரம் கால் மிதித்தது. வான் மாட்டு வண்டி மாதிரித்தான் போனது, அதற்குமேல் மீராசாவால் ஓட்ட முடியவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் ஒரு பொடியன் ஜன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுத்தான். குணம் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். பக்கத்தில் இருந்த ஸமட் அவனுடைய தோளில் கையைப் போட்டபடி வந்தான். நிந்தவூர் எல்லையில் மர்சூக் சேர் தேடிக்கொண்டு எதிரே வந்தார். வானைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பொடியன்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டார்.

நான்காம் நாள் காலமே குணத்தின் தாய் செல்லத்தங்கம் மீராசாவின் வீட்டுக்கு வந்தாள். புருசன் இல்லாத மனிசி. மூன்று இரவாக நித்திரை கொள்ளவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நாய் குரைத்தாலும் பொடியனைக் கோழிக் கூட்டுக்குப் பின்னால் ஒளிப்பதாகச் சொன்னாள்.

"தம்பி, இவனைக் கொழும்புக்கு அனுப்பப் போறன். கொட்டாஞ்சேனையில என்ட தம்பி இரிக்கான். மட்டக்களப்பில கோச்சி ஏத்திவிடோணும். உங்கட வான்லதான் அனுப்புவன்."

"அக்கா, நான் பயந்த ஆள்" என்றார் மீராசா. "உங்களுக்குத் தெரியாது. அண்டைக்கு எனக்குக் கால் வேலை செய்யல்ல. அதான் நிண்டனான்."

"நிண்டீங்கதானே" என்றாள் செல்லத்தங்கம்.

றாஹிலா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கோபமாகக் கதைக்கவில்லை. "நானும் வாறன்" என்றாள். "பொம்புள ஒண்டு வான்ல இருந்தா கேள்வி கொஞ்சம் குறையும்."

அப்படியே போனார்கள். றாஹிலா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, வாய்க்குள் ஸலவாத்துச் சொன்னபடி முன்னால் இருந்தாள். பின்னால் தாயும் மகனும். மூன்று இடத்தில் மறித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றாள் றாஹிலா. மூன்று இடத்திலும் விட்டார்கள். மூன்றாவது இடத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் அதைக் கொடுக்க எடுத்த நேரத்தில் மீராசாவின் சாரம் வியர்வையில் நனைந்துவிட்டது.

புகையிரத நிலையத்தில் கோச்சி வரும்வரை நால்வரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். தாய் தண்ணீர் எடுக்கப் போன நேரம் குணம் மீராசாவுக்குப் பக்கத்தில் நெருங்கினான்.

"காக்கா, அந்தக் கடைசிப் பந்தை விடத்தான் நினைச்சன்."

"பிறகு?"

"கை போயிட்டுது."

கோச்சி வந்து, பொடியன் ஏறி, அது பாலத்துப் பக்கம் மறையும்வரை செல்லத்தங்கம் அழவில்லை. வானுக்குள் ஏறிய பிறகுதான் அழுதாள். றாஹிலா பின் சீட்டுக்கு மாறி இருந்து, ஊர் வரும்வரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இறுதிப் போட்டி அடுத்த கிழமை அம்பாறையில். போகத்தான் வேண்டுமா என்று பெற்றோர் கூடிக் கதைத்தார்கள். பொடியன்கள் போவோம் என்று நின்றார்கள். மீராசாவை ஒருவரும் கேட்கவில்லை. அவர் வருவார் என்று எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோலுக்குள் நின்றது பின் வரிசையில் விளையாடும் கட்டைப் பொடியன் ஒருவன். முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினான். ஸமட் ஒன்று திருப்பி அடித்தான். மூன்றுக்கு ஒன்று. தோற்றாலும் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. எதிர் ரீம் பொடியன்கள் வந்து கை கொடுத்தார்கள், ஒருவன் சோடாப் போத்தல்களை வான் ஜன்னலால் நீட்டினான்.

திரும்பும்போது வானுக்குள் தோல்வியைப் பற்றித்தான் கதை. ஓஃப் சைட்டா இல்லையா, கட்டைப் பொடியன் ஏன் முன்னால் வந்தான் என்று வாக்குவாதப்பட்டார்கள். அந்தச் சத்தம் மீராசாவுக்கு நல்லாக இருந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பொழுது சாயுமுன் நற்பிட்டிமுனைக்கு வானைத் திருப்பினார். செல்லத்தங்கம் வாசலில் நெல் காயப் போட்டிருந்தாள்.

"என்ன தம்பி, வெண்டதா?"

"இல்லக்கா. மூண்டுக்கு ஒண்டு."

அவள் கொஞ்சநேரம் நெல்லைக் காலால் துழாவினாள். பிறகு, காயிதம் வந்தது என்றாள். பொடியன் தாய்மாமன்ட கடையில் நிற்கிறானாம். சாப்பாடு பிடிக்கவில்லையாம். பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் ஆரோ பந்து விளையாடுகிறார்களாம், இன்னும் போய்ச் சேரவில்லையாம், பாஷை தெரியாதபடியால் பயமாம்.

"பயம் இரிக்கிறது நல்லம்" என்றார் மீராசா. அவள் தேத்தண்ணி ஊற்ற எழும்பினாள். இருட்டுமுன் போக வேண்டும் என்று சொல்லி அவர் நின்றபடியே குடித்தார்.